கை இல்லாத கவுன்

...அதுவும் புத்தகத்துக்குள் இருந்த கவுன் தாளில் சரியாகக் கைப் பாகத்தை மட்டும், கோடு பிசகாமல், தையல் தெரிந்த ஒருத்திதான் வெட்டியிருக்க வேண்டும், என் வீட்டில் என்னை விட்டால் தையல் தெரிந்தது யார், மருமகள் புஷ்ராதான், வேறு சாட்சி எதற்கு. காலையில் கேட்டதும் தோசைக் கரண்டியோடு வந்து நின்று, "தப்பாயிடுச்சு மாமி, இனிமே தொட மாட்டேன்" என்றாள், நான் டீயும் குடிக்காமல் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மயிலாப்பூர் பைண்டர் ஒட்டித் தருவார்... எதை ஒட்டுவார், வெட்டின கையைத்தான் காணோமே. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய லண்டன் மாதப் பத்திரிகை, பெண்களுக்கானது, பக்கத்துக்குப் பக்கம் கவுன் படம், நடுவில் மடித்துவைத்த பேட்டர்ன் தாள், கோட்டோடு வெட்டித் துணிமேல் வைத்துத் தைத்துக்கொள்ள. பிளவுஸ் கைக்குப் புது வெட்டு கிடைக்குமா என்று லஸ் பழைய புத்தகக் கடையில் ஒன்றை வாங்கப்போய், பைத்தியம் பிடித்து, இப்போது பதினேழு தொகுதி. இது போன வாரம் வந்தது, என் தையல் கடையில் கல்யாண வேலை நெருக்கடி, தாளை இன்றைக்குத்தான் பிரித்தேன், பிரித்தால் இப்படி.

அடையாறு பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மடியில் நல்ல வெயில் விழவே தாளை மறுபடி பிரித்தேன்... இது என்ன, வெட்டின ஓரமும் பழுப்பாக இருக்கிறதே, நேற்று வெட்டியிருந்தால் வெளுப்பாக இருக்க வேண்டாமா, தொட்டால் உதிர்கிறது, பக்கத்திலேயே துருவேறிய குண்டூசி ஓட்டை இரண்டு. எவளோ ஒரு வெள்ளைக்காரி அன்றைக்கே துணியில் குத்தி வெட்டியிருக்கிறாள், வெட்டத்தானே கொடுத்தார்கள். அப்பாடா. புஷ்ரா இல்லை. நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது, இத்தனை நாளில் அந்தப் பெண்மேல் எனக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கே ஆச்சரியம். பக்கத்து சீட்டு மீன்காரம்மாவிடம், "என் மருமக இதை வெட்டலைம்மா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். "இன்னாத்த வெட்டல?" என்றாள் அவள். சிரிப்பு வந்துவிட்டது.

பைண்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவளுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், நீ வெட்டவில்லை புஷ்ரா என்று சொல்லிவிட வேண்டும்... அவளுக்குத்தான் தெரியுமே. காலையில் கரண்டியோடு நின்றபோதே தெரியுமே, பிறகு எதற்குத் தப்பாயிடுச்சு என்றாள்... லஸ் லஸ் என்று கண்டக்டர் கூப்பிடுகிறார், இறங்க வேண்டும், போன மாதம் மிக்ஸி ஜார் உடைந்தபோதும் இதே வார்த்தைதான், இதே குரல்தான், அப்படியானால் அதை உடைத்தது யார்?