இருபதாயிரம் கேட்

என் வீட்டுக்காரர் எட்டு மாதமாக ஒரு போர்டு வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடம், லிஃப்டை ஓட்டி நிறுத்தும் ரிலே சுவிட்சுகளோடு மல்லுக்கட்டியவர். கம்பெனி அவை இருந்த பழைய கன்ட்ரோல் பெட்டிகளைக் கழற்றிவிட்டுத் திறக்கவே கூடாத புதுப் பெட்டிகளை மாட்டியது. அவரைப் புகார் எழுதும் மேசையில் உட்கார வைத்தது. அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள், "அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறத நானே வீட்டுல செஞ்சு காட்டுறேன்" என்றார். அதற்கு எஃப்பிஜிஏ என்றொரு சில்லு வேண்டுமாம். உள்ளே ஆயிரக்கணக்கில் கேட். வாசல் கேட் இல்லை. ஆம், இல்லை என்று முடிவு சொல்லும் பொடிப்பொடி மின்சுற்றுகள். நாம் எழுதிக் கொடுக்கிறபடி அவை சேர்ந்துகொள்ளுமாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மனிதர் மறுபடி எதையாவது கழற்றி மாட்டினால் போதும்.

ஆனால் அவர் போட்டது அட்டவணை. அந்தச் சில்லு பதித்த போர்டு நாற்பத்தொன்று, பதினாறு கட்டம். இதில் விலை குறைவு, கேபிள் தனியாக வாங்க வேண்டும். அதில் கேபிள் உண்டு, மென்பொருள் எங்கள் கிழட்டு லேப்டாப்பில் ஏறாது. இன்னொன்று எல்லாவற்றிலும் தேறியது. அதனாலேயே அவருக்கு அதன்மேல் சந்தேகம்.

இந்த வயிற்றெரிச்சலை என் தம்பியிடம் போனில் கொட்டியதுதான் நான் செய்த தப்பு.

"உங்க மாமா எட்டு மாசமா கேட் பாக்குறாருடா. மலிவா இருக்கணுமாம், பின்னாடி பெருசாக்கவும் முடியணுமாம். இருபதாயிரம் கேட் போதுமான்னு தூக்கத்துல கூட கேக்குறாரு."

தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மினி லாரியில் கேட் வந்தது. இரட்டைக் கதவு, பச்சைப் பெயின்ட், நடுவில் இரும்பு மயில். எங்கள் பழைய கேட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, ரெண்டே மணி நேரத்தில் புதியதை நிறுத்தினான்.

"பின்னாடி கார் வாங்கினா அகலமாக்கிக்கலாம் மாமா, அதுக்கும் வழி விட்டிருக்கேன். இதுக்குப் போயி எட்டு மாசமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மயிலைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லா இருக்கு மாப்ளே. இதத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றார்.

தம்பி போனதும் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அட்டவணையைத் திறந்துவைத்து, தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தப்பான கேட்தான். ஆனா ஒன்பது நாள்ல செஞ்சுட்டான்."

"நீங்க ஏங்க இன்னும் வாங்கல?"

"வாங்காத வரைக்கும், இதெல்லாம் எனக்கு வரும்னு சொல்லிக்கலாம்ல. வாங்கினா தெரிஞ்சிடும்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. லேப்டாப்பை இழுத்து, இருப்பதிலேயே மலிவானதற்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

"ஐயோ, அதுல ஐயாயிரம் கேட்தான்டி இருக்கு!"

"நம்ம வீட்டுக்கு அது போதும்."

போர்டு வந்து ஆறு நாள் ஆகிறது. அதில் இன்னும் ஒரு விளக்குகூட எரியவில்லை. இன்று டீ எடுத்துக்கொண்டு போனபோது, சாத்திய கதவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "சனியனே, எல்லாம் சரியாத்தானே எழுதிக் குடுத்தேன், இன்னும் என்ன கேடு வந்துச்சு உனக்கு? எரிஞ்சு தொலையேன்!"

ரிலே காலத்தில் அவர் இப்படித்தான் திட்டுவார். அதற்குப் பிறகு எதையும் இவ்வளவு ஆசையாகத் திட்டிக் கேட்டதில்லை. டீ ஆறினால் ஆறட்டும் என்று, கதவைத் தட்டாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.