சோம்பேறி கொடுத்த வாக்கு

சனிக்கிழமை காலை மனைவியின் தங்கை கதவைத் தட்டவில்லை, இடித்தாள். அவன் திறந்ததும் செல்போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"படிங்க மாமா. அக்காவைத் திருடிங்கறான் ஒருத்தன்."

அவன் படித்தான். பழைய ஜப்பானிய விளையாட்டுக் கார்டுகளைச் சேர்ப்பவர்களின் குழு அது. ஆந்தை என்ற பெயரில் ஒருவன் எழுதியிருந்தான்: 'சோம்பேறி அக்காவை யாருக்காவது தெரியுமா? என் கார்டு அவங்க வீட்டுக்குப் போய் மாசக்கணக்காச்சு. பதிலுக்கு கார்டும் வரலை, ஒரு வார்த்தையும் வரலை. புதுசா வர்றவங்க ஜாக்கிரதை.'

சோம்பேறி என்பது அவன் மனைவி குழுவில் வைத்துக்கொண்ட பெயர். மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, கையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு கார்டாக உறையில் போட்டவளுக்கு அந்தப் பெயர். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காகவே ஜப்பானிய எழுத்து கற்றுக்கொண்டாள்.

"அட்டைக்காக அ, ஆ எழுதிப் பழகற ஒரே பொம்பளை நீதான்" என்று அவன் கேலி செய்வான்.

"நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றதுக்காக நாலு வருஷம் காலேஜ் போகலையா?" என்பாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மழை விடுவதற்குள் எல்லாம் முடிந்தது.

குழுவில் யாருக்கும் அது தெரியாது. அவன் சொல்லவில்லை. குழுவுக்கு என்றில்லை, எவருக்கும் சொல்லவில்லை. உறவுக்காரர்களுக்கு மாமனார் சொன்னார். அவன் ஆபீசுக்கு அண்ணன் சொன்னான். அந்த ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வரவேண்டிய தேவையே இதுவரை ஏற்படவில்லை.

"நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடட்டுமா?" என்றாள் மைத்துனி.

"இரு. கார்டு வந்துச்சா இல்லையான்னு முதல்ல பார்ப்போம்."

செருப்பு அலமாரியின் மேல் தபால் குவிந்து கிடந்தது. கரண்ட் பில்லைத் தவிர எதையும் அவன் பிரிப்பதில்லை. மைத்துனி கிளறினாள். அடியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே இரண்டு அட்டைகளுக்கு நடுவில், கெட்டி பிளாஸ்டிக்கில், ஒரு கார்டு. நத்தை போல ஒரு பிராணி. அதன் ஓட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அய்யோ, இந்த நத்தையா! இதுக்குத்தானே அக்கா தவம் கிடந்தா. அந்த முதல் வரிசையில இது ஒண்ணுதான் குறைன்னு புலம்புவாளே."

ஆந்தை பொய் சொல்லவில்லை.

மனைவியின் செல்போனுக்கு அவன் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தான். திறந்து, அவளும் ஆந்தையும் பேசியதைத் தேடிப் படித்தான். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாத இருவர் கார்டு மாற்றிக்கொண்டால் புதியவர்தான் முதலில் அனுப்பவேண்டும். பெயரெடுத்தவர், அது கைக்கு வந்த பிறகு அனுப்புவார். ஆந்தை புதியவன். அவளுடைய பெயரை நம்பி நத்தையை அனுப்பிவிட்டான். பதிலுக்கு அனுப்புவதாக அவள் சொல்லியிருந்தது, ஜப்பானில் ஒரு ரயில் கம்பெனி ஒரு கோடை விடுமுறையில் டிக்கெட்டோடு பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த கார்டு. 'மூலை வெளுக்காதது' என்றும் எழுதியிருந்தாள். கீழே அந்தக் கார்டின் படம். பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு. பச்சை மையில் 'சோம்பேறி', அதற்குக் கீழே அன்றைய தேதி.

அதுவும் வழக்கம்தான். வேறு யாருடைய படத்தையும் திருடிப் போடவில்லை, இந்தக் கார்டு இன்றைக்கு என் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

ஆல்பத்தில் ரயில் கார்டு இரண்டு இருந்தது. ஒன்றின் மூலை வெளுத்திருந்தது.

"வெளுத்ததை அனுப்புங்க. திருடின்னு சொன்ன வாய்க்கு அது போதும்."

"வெளுக்காததுன்னு எழுதியிருக்கா."

"எழுதினவளே இல்லை. இனிமே யாரு வந்து கேட்கப் போறா?"

மனைவி வைத்த எதையும் அவன் இதுவரை இடம் மாற்றியதில்லை. சீப்புகூடக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தது வைத்தபடி இருந்தது. நல்ல கார்டை உருவி மேசையில் வைத்தான். ஆல்பத்தில் அந்த இடம் பொக்கைவாய் மாதிரித் தெரிந்தது.

அவளுடைய போனிலிருந்தே எழுதினான்: 'கார்டு கிடைச்சுது. உங்களுடையதை இன்னைக்கு அனுப்பறேன்.'

உடனே பதில் வந்தது. 'இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா அக்கா? புதுசா போட்டோ போடுங்க. பேரும் இன்னைய தேதியும். இல்லைன்னா நம்ப மாட்டேன்.'

பச்சைப் பேனா அவள் மேசை இழுப்பறையில் கிடைத்தது. உதறி உதறி மை வரவழைத்தான். 'சோம்பேறி' என்று எழுதினான். றி-யின் சுழியைக் கடைசியில் அவள் இழுத்துவிடுகிற மாதிரியே இழுத்தான். கிட்டத்தட்ட அவள் கைதான். கீழே இன்றைய தேதி. கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மைத்துனி எட்டிப் பார்த்தாள்.

"மாமா."

"என்ன?"

"இன்னைய தேதியில அக்கா எங்க எழுதுவா?"

அவன் சீட்டைப் பார்த்தான். பெயர் சரி. தேதியும் சரி. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் பொய். இப்படிப்பட்ட பொய்யைப் பிடிக்கத்தான் அந்த வழக்கமே ஏற்பட்டிருக்கிறது.

சீட்டைக் கிழித்தான். வேறொன்றை எடுத்துத் தன் பெயரைக் கோழி கிறுக்கியதுபோல எழுதி, தேதி போட்டு, மறுபடி படம் எடுத்தான். படத்தோடு எழுதினான்: 'நான் அவ புருஷன். அவ செத்துப்போயிட்டா.'

'காலமாயிட்டா' என்று மாற்றினான். யாரோ பத்திரிகையில் போட்ட அறிவிப்பு மாதிரி இருந்தது. பழையபடி மாற்றினான். அனுப்பினான். பிறகு, போன் கொஞ்சம் கனப்பதுபோல, அதை மேசையில் வைத்தான்.

ஆந்தை எழுதுவது தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதுவது தெரிந்தது.

'அண்ணா', என்று வந்தது. அப்புறம்: 'தெரியாம எழுதிட்டேன் அண்ணா, மன்னிச்சிடுங்க. எனக்குக் கார்டு வேண்டாம். நத்தையும் அக்கா ஆல்பத்துலயே இருக்கட்டும். குரூப்ல போட்டதை இப்பவே எடுத்துடறேன்.'

"பாவம், நல்ல பையனா இருக்கான்" என்றாள் மைத்துனி.

"காலையில நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்கறேன்னே."

"அது காலையில."

அவன் எழுதினான்: 'எடுக்காதீங்க. எடுத்தா, படிச்சவங்க மனசுல அது அப்படியே நிக்கும். கார்டு உங்க கைக்கு வந்ததும் அதுக்குக் கீழேயே வந்துச்சுன்னு எழுதுங்க. அட்ரஸ் அனுப்புங்க.'

பிறகு அட்ரஸ் வந்தது.

கார்டை உறையில் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் செருகி, ஆந்தை அனுப்பிய அதே இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டினான். மைத்துனி நத்தையை எடுத்துக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டினாள்.

"இப்ப வைக்காதே. இது அங்க போய்ச் சேரட்டும். அதுவரைக்கும் நத்தை நம்மளது இல்லை."

"சரியான ஆளைத்தான் பிடிச்சா எங்க அக்கா" என்று முணுமுணுத்தபடி அதை மேசையில் வைத்தாள். "கூரியர்காரன் மத்தியானத்தோட சாத்திடுவான். கொடுங்க, நான் போட்டுட்டுப் போறேன்."

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம். எப்பவும் அனுப்பற உங்க அக்கா எங்கன்னு அங்க கேட்பாங்க. நானே சொல்றேன்."