இடது வளைவில் ஒரு முழம்

என் கணவரின் சட்டைப் பைகளை நான் வேவு பார்ப்பதில்லை. துவைக்கப் போடும் முன் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பது வேறு, வேவு பார்ப்பது வேறு. அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் முதன்முதலில் கிடைத்தபோது எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சட்டைப் பொத்தான் அளவில் வட்டமாக இருந்தது. ஒரு பக்கம் பசை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. அதற்கடுத்த வாரம் அவருடைய போனின் முதுகில், கேமராக் கண்ணைச் சுற்றி, அதே அளவில் பிசுபிசுவென்று ஒரு வட்டம்.

காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, இடிபட்ட கார்களின் படிவங்களைச் சரிபார்க்கிற மனிதர் எதற்காகக் கேமராவை மூடவேண்டும்?

கேட்டேன். "ஆபீஸ்ல புது ரூல், டீச்சர்" என்றார்.

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் நான் அவருக்கு டீச்சர்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் கார் ஓட்டப் படிக்க வந்தவர் அவர். இருபது வகுப்பில் முடியவேண்டியதை நாற்பத்தொன்று வரை இழுத்தார். பாதி வகுப்புகளில் தெரிந்தே தப்புப் பண்ணினேன் என்று தாலி கட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். அப்போது அந்தப் பொய் இனித்தது. இப்போது அதை நினைத்தால், இந்த மனிதருக்கு எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது என்றுதான் தோன்றியது.

ஸ்டிக்கர் மட்டுமா? வலது கட்டைவிரலில் காய்ப்புக் காய்த்திருந்தது. பேனா பிடிப்பவருக்கு அங்கே ஏன் காய்க்கப்போகிறது? போனில் 'மேடம்' என்று ஒரு எண். போன வாரம் அவர் குளிக்கும்போது அதிலிருந்து ஒரு செய்தி வந்து திரையில் மின்னியது: 'ஞாயிற்றுக்கிழமையும் வந்துடுவீங்கல்ல? யாருக்கும் தெரியவேண்டாம்.'

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று. தணிக்கை வேலை இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிப்போய்விட்டார். அவருடைய தங்கை, எங்கள் வீட்டுப் பட்டாசு, என்னை வீடியோ கேம் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நேற்று அவளிடம் அவர், "அங்க ஒரே நெரிசலா இருக்கும், அண்ணிய எதுக்கு அலைக்கழிக்கிற?" என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். என் அலைச்சலைப் பற்றி ஒரு தடவைக்கு மேல் கவலைப்படுகிற ஆளே இல்லை அவர்.

மண்டபம் முழுக்கச் சத்தம். கறுப்புத் துணி கட்டிய தடுப்புகள், கயிறு கட்டிய வரிசைகள், மணிக்கட்டில் காகிதப் பட்டையோடு நிற்கும் கூட்டம். இன்னும் கடைக்கு வராத ஒரு புது வீடியோ கேம் கருவிக்குத்தான் எல்லாவற்றையும்விட நீளமான வரிசை. ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

"இப்படி நின்னா கால் வீங்கிடும். உள்ள என்ன தரப்போறாங்க, சொர்க்கமா?" என்றேன்.

"கார் ரேஸ் அண்ணி. நிஜ ஸ்டியரிங், நிஜ பெடல். உங்க வேலைதான், ஆனா இடிச்சா யாரும் திட்டமாட்டாங்க."

வாசலில் குட்டை முடி வெட்டிய ஒரு பெண்மணி நின்றிருந்தார். வயது ஐம்பது இருக்கும், கழுத்தில் ஹெட்போன். "போனைக் குடுங்க மேடம். உள்ள போட்டோ எடுக்கக்கூடாது" என்று வாங்கி, கேமராமேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பித் தந்தார்.

சிவப்பு. வட்டம். சட்டைப் பொத்தான் அளவு.

"என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. ஏசி."

உலகத்தில் சிவப்பு ஸ்டிக்கர்களுக்கா பஞ்சம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் கையில் கனமாக இருந்தது. பக்கத்தில் இண்டிகேட்டர் தண்டுகூட இருந்தது. திரையில் மலைச்சாலை விரிந்தது. என் காருக்கு முன்னால் கண்ணாடியில் செய்ததுபோல வெளிறிய ஒரு கார் நின்றது.

"அது நிழல் கார்" என்றார் குட்டை முடிக்காரர். "எங்க டெஸ்டர் ஒருத்தர் முன்னாடியே ஓட்டிப் பதிவு பண்ணது. அதைத் தொடர்ந்து போனா வழி பழகிடும். புதுசா வர்றவங்களுக்கு நிதானமான ஆளைத்தான் போடுவோம்."

நிழல் கிளம்பியது. பின்னாலேயே நானும் போனேன். முதல் வளைவு வலப்பக்கம். நிழல் காரின் வலது விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.

பட்டாசு சிரித்தேவிட்டாள். "ரேஸ்ல இண்டிகேட்டர் போடுது பாருங்க அண்ணி! யாரு இந்த அப்பாவி?"

நான் சிரிக்கவில்லை. குகைக்கு முன்னால் நிழல் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. சரி, எத்தனையோ பேர் என்னிடம் படித்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது இருக்கலாம்.

அடுத்து இடது வளைவு வந்தது. திரும்பும் முன் நிழல் கார் வலப்பக்கம் ஒரு முழம் ஒதுங்கி, அப்புறம்தான் இடப்பக்கம் வளைந்தது.

அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தப்பு. மூன்றாவது வகுப்பில் பயிற்சிப் பள்ளி வாசலில் இடப்பக்கம் திரும்பும்போது இரும்புக் கதவில் உரசி, நீளமாகக் கீறல் போட்ட ஒருவருக்கு மட்டும் உள்ள பயம் அது. நாற்பத்தொரு வகுப்பிலும், அதற்குப் பிறகு ஆறு வருடத்திலும் என்னால் மாற்ற முடியாத பயம். அடுத்த இடது வளைவிலும் அதே ஒரு முழம். அதற்கடுத்ததிலும்.

என் கார் பாறையில் மோதி நின்றது.

"இந்த டெஸ்டர் யாரு?" என்று கேட்டேன்.

"பேரு சொல்லக்கூடாது மேடம். கருவி வெளிவர்ற வரைக்கும் எல்லாமே ரகசியம். கையெழுத்தே வாங்கியிருக்கோம்."

ஸ்டிக்கர் ஒட்டிய போனை எடுத்து என் கணவரின் எண்ணை அழுத்தினேன். கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு போன் 'பீப் பீப் பீப்' என்று, லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோலக் கத்தியது. என் அழைப்புக்கென்று அவர் வைத்திருக்கிற ஒலி. பட்டாசின் வாய் திறந்தபடி நின்றது.

"சொல்லு டீச்சர்." அந்தக் குரல் காதிலும் கேட்டது, துணிக்குப் பின்னாலும் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். ஃபைலுக்குள்ள தலையை விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"சரி. ஒரே ஒரு சந்தேகம். இடப்பக்கம் திரும்புறப்ப இன்னும் எதுக்கு வலப்பக்கம் ஒதுங்குறீங்க?"

துணி மெல்ல விலகியது. கழுத்தில் அடையாள அட்டை, மார்பில் கருவியின் படம் போட்ட பனியன், காதில் இன்னும் போன். கீறல் விழுந்த அன்று நின்ற அதே முகத்தோடு என் கணவர் நின்றார்.

"அண்ணா! எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?" பட்டாசுக்கு அவள் கவலை.

குட்டை முடிக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் டீச்சரா? ஒவ்வொரு வளைவுலயும் 'டீச்சர் திட்டுவா'ன்னு சொல்லிக்கிட்டேதான் ஓட்டுவார்."

ஆக, 'மேடம்' இவர்தான். நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்ந்த வேகத்தில் அதன் கீழே இன்னொரு முடிச்சு தட்டுப்பட்டது.

"ஞாயிற்றுக்கிழமை சரி" என்றேன். "மத்த நாள்ல இந்த விரல் எப்படிக் காய்ச்சுது?"

அவர் தரையைப் பார்த்தார். "ஆபீஸை விட்டு நாலு மாசம் ஆச்சு. தினமும் இவங்ககிட்டதான் பட்டன் அமுக்குறேன்."

தினமும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான்.

"பத்து வருஷமா மத்தவங்க இடிச்ச காருக்குப் படிவம் நிரப்பினேன் டீச்சர். இங்க நானே இடிச்சுப் பாத்து, எங்க தப்புன்னு சொல்றேன். யாருக்கும் அடிபடல. ரொம்பப் பிடிச்சிருக்கு. வாயைத் திறக்கக்கூடாதுன்னு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. குடும்பத்துக்கிட்டயும் சொல்லக்கூடாது."

"கருவியப் பத்தித்தானே சொல்லக்கூடாது? பழைய வேலைய விட்டதச் சொல்லக்கூடாதுன்னும் அந்தப் பேப்பர்ல இருந்துச்சா?"

"இல்ல" என்றார். "அது நானா மறைச்சது. விளையாட்டுக்காக உத்தியோகத்தை விட்டான்னு நீ சிரிப்பியோன்னு பயம்."

"சிரிச்சிருப்பேன்" என்றேன். "சிரிச்சுட்டுச் சரின்னும் சொல்லியிருப்பேன். அதுக்கு நீங்க இடமே குடுக்கலையே."

மாலையில் பயிற்சிப் பள்ளிக் காரில் திரும்பினோம். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். பயிற்சிக் கார் என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவர் ஓட்டும்போது அதில் கால் வைப்பதை நான் விட்டுப் பல வருடமாகியிருந்தது. இன்று வைத்தேன். அவர் கவனித்தார்.

"அமுக்கப் போறியா?"

"தெரியல. நீங்க ஓட்டுறதப் பொறுத்து."

பின்னிருக்கையில் பட்டாசு தன் போனில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு இடப்பக்கம் வந்தது. அவர் இண்டிகேட்டர் போட்டார். வழக்கம்போல வலப்பக்கம் ஒரு முழம் ஒதுங்கினார்.

"நாளைக்குக் காலையில என்ன சட்டை வேணும்?" என்று கேட்டேன்.

"பனியன் போதும்."

பிரேக்கிலிருந்து என் காலை எடுக்கவில்லை. ஆனால் அழுத்தவும் இல்லை.