பொட்டில் நின்ற முள்

வலது தோளில் சூட்டுக்கோலை வைத்தவன் எடுக்க மறந்துபோனது போல எரிந்தது பொன்னையாவுக்கு. விடிந்ததிலிருந்து மலாக்கா ஆற்று முகத்தில் தொங்கான் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கியிருந்தான். மத்தியானம் சோறு இறங்கவில்லை. காலையில் கூட்டாளி தியாகுவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு யாருக்கு இறங்கும்? மூட்டை முதுகில் இருக்கும்போதே போலீஸ் மாத்தாக்காரர்கள் வந்து சூழ்ந்தார்கள். இதை இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று தியாகு கெஞ்சினான். விடவில்லை. மூட்டை பலகையில் விழுந்து கிழிந்து அரிசி ஆற்றில் கொட்டியது.

“அடுத்தது நீதான்டா,” என்றான் கூட மூட்டை தூக்கும் ஜெயபாலன். “சங்கத்துல அவன் கொடி புடிச்சான், நீ பின்னால நின்னு கத்துன. கப்பல்ல ஏத்தி நாகப்பட்டணத்துல எறக்கி வுட்டுருவான். ஒனக்கென்ன, ஓசிப் பயணம்!”

பொன்னையாவும் சிரித்து வைத்தான். கம்யூனிஸ்டு என்று சொல்லி வெள்ளைக்காரன் தொழிலாளர் சங்கத்தைக் கலைத்து வருஷமாகிவிட்டது. இன்னமும் ஆள் ஆளாகப் பொறுக்குகிறார்கள். நாகப்பட்டணத்தை அவன் கண்ணால் கண்டதில்லை. பிறந்தது தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அங்கே இறக்கிவிட்டால் எந்தத் திசையில் நடப்பது?

காஜா பெராங்கில் சந்திரமதியின் வீட்டுப் பின்னறையில் அவன் வாடகைக்கு இருந்தான். அவள் மலாக்கா செட்டி வகையறா. கும்பிடுவது மாரியம்மனை, கட்டுவது சாரோங், பேசுவது மலாய். தமிழில் சாமி பேரும் சாப்பாட்டுப் பேரும்தான் வரும். துறைமுகத்தில் கணக்குக் கிராணியாக இருந்த அவள் புருஷன் செத்தபோது விட்டுப்போனது அந்த வீடும் ஒரு ரேடியோப் பெட்டியும். ஆயுத பூசையன்று பெட்டிக்குச் சந்தனம் வைத்தவள், ஊர்ப் பெயர்கள் எழுதிய அதன் கண்ணாடியிலும் ஓரிடத்தில் குங்குமப் பொட்டு வைத்தாள். முள் அந்தப் பொட்டுக்கு வந்தால் தமிழ்ச் செய்தி பேசும். எழுத்துத் தெரியாத பொன்னையாவுக்காக அவளே கண்டுபிடித்த வழி. இடப்பக்கத் திருகு சத்தத்துக்கு, வலப்பக்கத் திருகு முள்ளுக்கு. நடுத்திருகைத் தொடாதே என்று கைச்சாடையில் சொல்லியிருந்தாள்.

அன்று மாலை அவள் சாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வானம் இருட்டி இடி உருண்டது. பொன்னையா பெட்டியை முடுக்கினான். தியாகுவைப் பற்றி ஏதாவது சொல்வார்களா? பிடித்தவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள்? பெட்டியின் பச்சை விளக்குக் கண் மெல்ல விழித்தது. முள்ளைப் பொட்டுக்குக் கொண்டுவந்தான். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தது போல ஒரே பொரிச்சல். முள்ளை அசைத்துப் பார்த்தான், பொரிச்சல்தான். செய்தி நேரம் போய்க்கொண்டிருந்தது. மூட்டை தூக்கி மரத்துப்போன விரலால் நடுத்திருகைப் பிடித்து ஒரு பல் நகர்த்தினான். டக்கென்றது. இரைச்சல் அடங்கி ஒரு குரல் தெளிவாக வந்தது. சீனக் குரல்.

நடுத்திருகு நகர்ந்தால், முள் நிற்கும் அதே இடத்தில் வேறொரு தேசம் பேசும் என்று அவனுக்குத் தெரியாது. பொட்டில்தானே நிற்கிறது, இது முடிந்ததும் தமிழ் வரும் என்று காத்திருந்தான். ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாதென்று சத்தத்தைக் கூட்டியும் வைத்தான். குரல் ஏறிக்கொண்டே போனது. ஆயிரம் பேர் சேர்ந்து கோஷம் போட்டார்கள். பாஷை புரியாவிட்டாலும் கோஷம் அவனுக்குப் புரிந்தது. அவனும் போட்டவன்தானே. பெட்டியை உடனே அடக்கப் பார்த்தான். திருகைத் திருப்பினான், பதற்றத்தில் சத்தம் இன்னும் கூடியது. வாசலில் ஜீப் நின்றது.

காற்சட்டை போட்ட ஒரு தமிழ் உளவுப் போலீஸ்காரர் முன்னால் வந்தார், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு மலாய் மாத்தாக்காரர்கள். அவரே குனிந்து பெட்டியை அணைத்தார்.

“என்னய்யா, கம்யூனிஸ்டு பீக்கிங் கச்சேரி தெரு முனை வரைக்கும் கேக்குது? பொட்டு வேற வச்சிருக்கீங்க. மாலை போடலியா?”

பொன்னையா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

“யாரு நீ?”

“வாடகைக்கு இருக்கேன்யா. மூட்டை தூக்குறேன்.”

“எங்க, ஆத்து மொகத்துலயா?” அவர் பார்வை அவன் தோள் காய்ப்பில் நின்றது. “தியாகு ஆளுங்களா நீங்கல்லாம்? இதத் திருப்புனது யாரு?”

தரையில் சொட்டியது வேர்வையா மூத்திரமா என்று குனிந்து பார்க்கவும் பயமாக இருந்தது. கப்பலின் வயிறு தெரிந்தது. முன்பின் தெரியாத ஒரு கரை தெரிந்தது.

“ஸாயா.”

நான் என்ற அந்த மலாய்ச் சொல் பின்னாலிருந்து வந்தது. விபூதிக் கையோடு சந்திரமதி நின்றிருந்தாள். தன் பெட்டி, தான்தான் திருப்பினேன், இவனுக்குத் திருகக்கூடத் தெரியாது என்று மலாயில் சொன்னாள். சாமி பாட்டுத் தேடியபோது கை தவறிவிட்டதாம். குரல் நிதானமாகத்தான் இருந்தது. சாரோங்கைப் பிடித்திருந்த விரல்கள்தான் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

அவர் பொன்னையாவைத் திரும்பிப் பார்த்தார். “அப்படியாய்யா?”

பொன்னையா தலையை ஆட்டினான். தலை ஆடி முடிந்த பிறகுதான், ஆட்டியது தன் தலை என்று உறைத்தது.

“பொம்பளய முன்னால வுட்டுப் பொழைக்கிற. நல்லா இரு,” என்றார் அவர்.

மழை பிடித்துக்கொண்டது. சந்திரமதியை ஜீப்பின் பின்னால் ஏற்றி, பெட்டியை அவள் மடியிலேயே வைத்தார்கள். குழந்தையை அணைப்பது போல அதை அணைத்துக்கொண்டாள். வாசல் தூணைப் பிடித்து நின்றவனைப் பார்த்து, “பொன்னையா, நாசி அடா,” என்றாள். சட்டியில் சோறு இருக்கிறது, போய்ச் சாப்பிடு என்கிற மாதிரி அடுப்படிப் பக்கம் முகவாயைக் காட்டினாள். திறந்த ஜீப்பில் சாரல் அடித்தது. கண்ணாடியில் பொட்டு கரைந்து, எல்லா ஊர்ப் பெயர் மேலும் சிவப்பாக வழிந்தது.

ஜீப் தெரு முனை திரும்பியது. பொன்னையா வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. ‘அவ இல்லய்யா, நான் திருப்புனேன்.’ சந்திரமதிக்கு அவன் கொடுக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தை தொண்டையிலேயே பாக்கி நின்றது.