மேரி கொடுக்கும் சுருதி

எங்கள் குழுவுக்குப் பேர் மல்லாட்டை. முதல் நிகழ்ச்சி கிளியனூரில் ஒரு காதுகுத்து. பாடி முடித்ததும் வீட்டுக்காரர் ஆளுக்கு ஒரு பை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்து அனுப்பினார். திரும்பும்போது பஸ்ஸிலேயே பாதியைத் தின்றோம், பேரையும் வைத்துக்கொண்டோம். தாண்டவராயன் அண்ணன் பம்பை, கோபி கிடார், நான் பறை. பாடுவது இருதயமேரி. மேரிக்காகத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள் என்பது எங்களுக்கே தெரியும். கோபிக்கு மட்டும் தெரியாது.

அந்த மேரிக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சவுரிராயன் நல்ல பையன், ஆனால் அம்மா பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்க மாட்டான். நிச்சயதார்த்தத்தன்று அவன் அம்மா அமலோற்பவம் காபி டம்ளரைக் கீழே வைத்தபடி, "கல்யாணத்துக்கு அப்பறம் மேடைப் பாட்டெல்லாம் வாணாம்மா. வூட்டோட இருந்துக்கோ," என்றார். மேரி தலையாட்டினாள். சவுரிராயன் தரையைப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை.

"இன்னாத்துக்குடி தலைய ஆட்டுன?" என்று பிறகு கேட்டேன்.

"அத்தன பேரு எதிர்ல இன்னா சொல்றது? வுடு சங்கவி," என்றாள். எனக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை. மேரி இல்லாத குழுவை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை, திட்டித்தான் பழக்கம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குழுவில் யார் வீட்டு விசேஷமோ, அவர் அன்று வாசிக்கவும் கூடாது, பாடவும் கூடாது. உட்கார்ந்து கேட்க வேண்டும். மற்றவர்கள் வந்து வாசித்துவிட்டுச் சாப்பிட்டுப் போவோம். தாண்டவராயன் அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அவரைப் பம்பை பக்கமே விடவில்லை. மனிதர் தொடையில் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதனால் மேரி கல்யாணத்தில் அவள் மணமேடையில், நாங்கள் மூன்று பேர் கீழே. பாட்டு என் தலையில் விழுந்தது.

சர்ச்சில் பூசை முடிந்து மண்டபத்தில் மதியச் சாப்பாடு. நான் வாசலில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால், கோபி கிடாரைக் கட்டிப்பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"சங்கவிக்கா, சுருதி யாரு குடுக்கறது?"

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் மேரி கண்ணை மூடி 'ம்' என்று ஒரு இழு இழுப்பாள். கோபி அதைக் கேட்டுத்தான் கம்பி முறுக்குவான். எந்தச் சேலை கட்டுவது, எந்தப் பாட்டு முதலில், பிரியாணி கோழியா ஆடா என்பது வரை பேசியிருந்தோம். இதை ஒருத்தரும் நினைக்கவில்லை.

"போன்ல ஒரு ஆப் கீதுல்ல, அத வெச்சிப் பண்ணு. ஜல்தி," என்றார் அண்ணன்.

கோபி பண்ணினான். கம்பிகள் தங்களுக்குள் ஒற்றுமையாகத்தான் இருந்தன. ஆனால் நான் பழக்க தோஷத்தில் மேரி எடுக்கும் சுருதியிலேயே பாட்டை எடுத்துவிட்டேன். கிடார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் என்னைத் துரத்தினான், நான் அவனைத் துரத்தினேன். சரணத்தில் மேலே ஏற வேண்டிய இடத்தில் என் தொண்டை கைவிரித்துவிட்டது. பந்தியில் சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் அமலோற்பவம் நெற்றியைச் சுருக்கினார். மேரிக்காகக் கடைசியாக வாசிக்கிற நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டைப் பாதியில் நிறுத்தினோம்.

அப்போது 'ம்' என்று கேட்டது.

மேரிதான். மணமேடையில் மாலையோடும் முக்காடோடும் கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தாள். மைக் இல்லை, ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. கோபி ஓடிப்போய் மேடைப் படியில் உட்கார்ந்து கம்பியை முறுக்கினான்.

"அப்ப நம்ம வழக்கம்?" என்றார் அண்ணன்.

"அது கெடக்குது வுடுண்ணே," என்று சொல்லி நான் மேடையேறி மைக்கை மேரி கையில் கொடுத்தேன்.

பாடப் போகிறாள் என்று பார்த்தால், அவள் அமலோற்பவம் பக்கம் திரும்பினாள்.

"அத்த, அன்னிக்கு நான் தலையாட்டிட்டேன். அது பொய்ங்க. பாடாம என்னால இருக்க முடியாது. இப்பவே சொல்லிட்றேன். அப்பறமா சொன்னா உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிடும்."

மண்டபம் முழுக்க ஒலித்தது. தயிர்ப் பச்சடி வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சவுரிராயன் எழுந்தான். "எனக்குத் தெரியும்மா. நான்தான் உன்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்," என்றான். பையன் பேசியேவிட்டான்.

அமலோற்பவம் மெதுவாக மேடையேறினார். அவர் மேரியை நெருங்கி நின்று மைக்கைக் கையால் பொத்தினார். பொத்தத் தெரியவில்லை, அதனால் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது.

"இத்த வூட்ல சொல்லக் கூடாதா? ஊரையே கூட்டி வெச்சிக்கினுதான் சொல்லணுமா?"

"வூட்ல சொல்ல பயமா இருந்துச்சு அத்த."

அமலோற்பவம் மேரியை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிட்டேன். பிறகு அவர் மேரியின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"இம்மாம் கனத்த போட்டுக்கினு எப்பிடிப் பாடுவ, மூச்சு முட்டாதா? நான் வெச்சிக்கினு நிக்கறேன். பாடு."