ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

1.

இது கதையாக வேண்டியதே இல்லை. ஒரு துண்டுச் சீட்டு. என் பழைய காரைப் பார்க்கப் போடியிலிருந்து லிங்கேஸ்வரன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். "எஞ்சின் வெவரம், எத்தன தடவ மக்கர் பண்ணுச்சு, ஒரு பேப்பர்ல எழுதி வைங்கம்மா, போதும்" என்று போனில் சொன்னார். இனி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் விற்கிறேன். அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் நிறுத்தத் தெரிந்தவள் ஏன் கதை சொல்ல வருகிறாள், கண்ணுகளா?

முதல் தொடக்கம்: "அந்த எஞ்சின் ஒரு யானையைப் போல—" அடித்துவிட்டேன். யானைக்கு யாரும் பெட்ரோல் ஊற்றுவதில்லை.

அடுத்த தொடக்கம்: "தொண்ணூற்றெட்டாம் வருட வண்டி. ஆயிரத்து முந்நூறு சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர். லிட்டருக்குச் சமதளத்தில் பதினான்கு கிலோமீட்டர், மலையில் பத்து. இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சினைப் பிரித்ததில்லை. ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினேன். குளிர்காலையில் சோக்கை இழுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் போதும். வழியில் நின்றது: ஒரே ஒரு முறை. காரணம்—"

இங்கே பேனா நின்றுவிட்டது.

நான் எழுதுவதை டைப் செய்து உங்கள் போனுக்கு அனுப்புகிறவள் எதிர்வீட்டு நாகஜோதி. சின்னமனூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். நடுநடுவே அடைப்புக்குறி போட்டு என்னைத் திட்டுவாள். அதை மட்டும்தான் நீங்கள் விரும்பிப் படிக்கிறீர்கள் என்று கேள்வி.

3.

எண் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அப்படியே இருக்கட்டும். நாகஜோதி, நீயும் திருத்தாதே.

[திருத்தல. ஆனா ரெண்டு எங்க பெரியம்மா? — நா.]

கதைக்கு ஒரு பெண் வேண்டும். திரிஷா என்று பெயர் வைத்து, ஜெயமங்கலத்துக்காரி ஆக்கி, அவளுக்கு ஒரு தோட்டமும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் நடந்தாள். ஒரு வார்த்தை நிஜமாகப் பேசவில்லை. அவளை அடித்துவிட்டு உண்மைப் பெயரை எழுதுகிறேன்: நாகஜோதி.

[நானா? — நா.]

போன ஆடியில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. குமுளிக்கு மேலே ஏலக்காய்க் கம்பெனி, தரம் பார்க்கும் லேப். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. முதல் தேதி காலை ஒன்பதுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆள். அவள் பாட்டுக்குப் பஸ்ஸுக்குத்தான் நின்றாள்.

"பஸ்ல கசங்கிப் போயா வேலையில சேருவ? ஏறு ஆத்தா. இந்த எஞ்சின் என்னைக்காச்சும் நின்னுருக்கா?"

"வேணாம் பெரியம்மா. நீங்க கத சொல்லிக்கிட்டே ஓட்டுவீக. மாட்டு வண்டி நம்மள முந்திப் போகும்."

"வாயக் கட்டிக்கிட்டு ஓட்டுறேன், வா."

கட்டவில்லை. கம்பம் தாண்டும்வரை எஞ்சின் புராணம்தான்.

ஏற்றம் தொடங்கும் முன், லோயர் கேம்ப்பில் டீக்கு நிறுத்தினோம். மணி ஏழரை. அவள் கடைக்குப் போனாள். வழியெல்லாம் சாரல், ஒயரில் ஈரம் இருந்தால் ஏற்றத்தில் திக்குமே என்று பானட்டைத் திறந்தேன்.*

* பானட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்து நின்றால் போதும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நம்மை விஷயம் தெரிந்தவள் என்று நினைப்பார்கள். எனக்கு அந்தச் சபலம் உண்டு.

எஞ்சின் ஓரத்தில் ஒரு மூடி இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதிலிருந்து நாலு ஒயர் நாலு சிலிண்டருக்கும் தீப்பொறி கொண்டு போகிறது. ஒயர்களின்மேல் 1, 2, 3, 4 என்று எண் எழுதியிருந்தது. நாலையும் மூடியிலிருந்து பிடுங்கி, முந்தானையால் துடைத்து, திரும்ப—

[பெரியம்மா. — நா.]

4.

—திரும்ப மாட்டினேன்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் தும்மியது. பிறகு டப்பென்று வெடித்தது. டீக்கடை நாய் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் திரும்பிப் பார்த்தது.

குமுளி பஸ் வந்தது. நாகஜோதி பையைத் தூக்கினாள்.

"ஒக்காரு ஆத்தா. சூட்டுல அடைக்குது. ஆறுனா கெளம்பிரும்."

அடுத்த பஸ் வந்தது. மறுபடியும் பையைத் தூக்கினாள். "இந்தா, இப்பக் கெளம்பிரும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மூன்று பஸ் அப்படிப் போனது. என் எஞ்சின் ஒரு பஸ்ஸிடம் தோற்பதா என்ற வீம்பு. எட்டு தாண்டியது.

கூடலூரிலிருந்து மெக்கானிக் சுந்தர்ராஜ் வந்து சேர ஒன்பது ஆகிவிட்டது. நாகஜோதி தள்ளி நின்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தான்.

"யாரும்மா ஒயரக் கழட்டுனது?"

"தொடச்சேன்."

"தொடச்சீக, சரி. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா மாட்டிருக்கீக. இதென்ன பள்ளிக்கூடத்துப் பிரேயரா? இது வெடிக்கிற வரிசை ஒன்னு, மூணு, நாலு, ரெண்டு. இத்தன வருசம் ஓட்டுறீக, இது தெரியாதா?"

"மெல்லப் பேசு தம்பி."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இரண்டே நிமிடம். எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. நாகஜோதி ஓடி வந்தாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"பழைய எஞ்சின் தங்கச்சி. இத நம்பியெல்லாம் மலையேறக் கூடாது."

அதன் பெருமையை ஊரெல்லாம் பாடியவள் நான். தலையை ஆட்டினேன்.

அடுத்த ஆள் சேர்ந்துவிட்டார். நாகஜோதி ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். "அந்த ஓட்ட எஞ்சினு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் கொத்தமல்லி ஆய்வதில் மும்முரமாகிவிடுவேன்.

ஆகவே லிங்கேஸ்வரன் அவர்களுக்கு: வழியில் நின்றது ஒரே ஒரு முறை. காரணம்: ஓட்டியவள். எஞ்சினை நம்பலாம்.

சீட்டு முடிந்தது. கதைக்குத்தான் முடிவு இல்லை. இரண்டு யோசித்தேன். ஒன்று: லிங்கேஸ்வரன் படித்துச் சிரிக்கிறார், வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார், எல்லாருக்கும் காப்பி. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது; அதனால்தான் சந்தேகப்படுகிறேன். இன்னொன்று: இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மீதியை டைப்புக்குக் கொடுப்பது. இன்று காலைவரை அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

2.

இந்த எண்ணில் எனக்கு உரிமை இல்லை.

நாகஜோதி, இதுவரை டைப் அடித்துவிட்டாயா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம், நம்பியதுபோல் இருந்துகொள்வேன். இல்லை, கீழே இடம் விட்டிருக்கிறேன், தோன்றுவதை எழுது. ஓர் எழுத்தும் திருத்த மாட்டேன். கண்ணுகளா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இனி நானும் உங்களோடு படிக்கிறவள்தான்.

[மூணு பஸ் இல்ல பெரியம்மா, அஞ்சு. நான் எண்ணுனேன்.

லிங்கேஸ்வரன் அண்ணனத் திங்கக்கெழம வரச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வண்டி நமக்கு வேணும். நான் லைசென்ஸ் வாங்கி ஆறு மாசமாச்சு, ஒங்ககிட்டச் சொல்லல. குமுளி வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து வாயத் தொறக்காம வரணும். ரெண்டாம் நம்பர்ல என்ன எழுதணும்னு மேல ஏறுன பெறகு பாக்குறேன். லோயர் கேம்ப்ல டீ கெடையாது. — நா.]