இரைச்சல் நின்றபோது

பேச்சு கசிந்தால் அடிக்கும் அபாய மணி ஆய்வகத்தில் அலறியது. சோதனைக்காக அடுத்த அறையில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த டெக்னீஷியன் துள்ளி எழுந்தார். இத்தனை மாதமாக அவர் காதில் வெறும் இரைச்சல்தான். ரேடியோ அலையோடு இரைச்சலையும் சேர்த்து அனுப்பி, உரியவருக்கு மட்டும் பேச்சு கேட்கும்படி செய்திருந்தாள் இன்ஜினீயர் பெண். இன்றோ அவள் குரல் தெளிவாக வந்தது: "இன்னைக்கு என் பிறந்தநாள்."

அவள் உழைப்பெல்லாம் வீணாயிற்றே என்று பதறி ஓடினார்.

"என்னம்மா, குட்டு உடைஞ்சுபோச்சே! நாளைக்குச் சோதிக்க வர்றவங்க நம்மள வாங்கு வாங்குன்னு வாங்குவாங்களே!"

காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தவள் தலை நிமிரவில்லை.

"கருவியில கோளாறு இல்லண்ணே. இரைச்சலை நான்தான் நிறுத்தினேன். காலையிலேருந்து யாரும் வாழ்த்தல, நீங்களாவது ஒட்டுக்கேப்பீங்களேன்னுதான்."